தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து விழுந்தவன்

எங்கள் வீட்டு அடுக்களை மேடையில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. வயிற்றில் ஒரு பக்கம் ஒடுங்கியது. எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் அடியில் ஒரு பச்சைக் கறை போவதில்லை. எவர்சில்வர் சொம்புகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்க, என் மனைவி தினமும் அதில்தான் குடிதண்ணீர் பிடித்து வைப்பாள். வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது கையில் எடுத்து, "பழைய சாமான் போலருக்கே" என்றால் போதும், "அது இவரோட தலைங்க" என்று முகம் மாறாமல் சொல்வாள். வந்தவர் என் தலையையும் சொம்பையும் மாறி மாறிப் பார்ப்பார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்காது.

அந்தச் சொம்பு எனக்கு வந்தது என் சகலையால். மனைவியின் தங்கையைக் கட்டியவர், திருமானூர்க்காரர். அரியலூருக்கும் திருமானூருக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸின் பின்வாசலில் அவர் நின்றால் வாசல் அடைத்துக்கொள்ளும். இறங்குகிறவர்கள் முன்வாசலைத் தேடிப் போவார்கள். கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு விசில் எப்போதும் கழுத்தில் தொங்கும். விடுமுறை நாளில் வேட்டி பனியனோடு உட்கார்ந்திருக்கும்போதும் தொங்கும். கொள்ளிடத்தில் தண்ணீர் போகிற நாளெல்லாம் அதில் கிடந்து வளர்ந்தவர் என்பதால் நீச்சல் அவருக்கு நடப்பது மாதிரி. நானோ அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். அவரில் பாதி எடை. வகுப்பில் பாடம் நடத்துவதைவிடப் பையன்களைச் சிரிக்க வைப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர். எதையாவது ஒளித்து வைப்பது, செத்தவன் மாதிரி படுத்துக்கிடந்து ஆட்களைப் பதறவிடுவது போன்ற உயர்ந்த கலைகளைக் கல்யாணத்துக்குப் பிறகும் நான் கைவிடவில்லை. இந்தப் பெயர் பின்னால் எவ்வளவு பெரிய வினையாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பொங்கல் முடிந்த வாரம். பெரம்பலூருக்கு மேற்கே, பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற ஒரு ஊரில் மாமனார் வீடு. என் மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்தியிருந்தோம். வேண்டுதலில் அப்பன் தலையும் சேர்த்தி என்று மாமியார் சொல்லிவிட்டதால் என் தலையும் வழவழவென்று ஆகியிருந்தது. மறுநாள் மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு இரண்டு மாப்பிள்ளைகளும் கூடத்தில் மின்விசிறிக்கடியில் கிடந்தோம். சகலை பஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டதில் மேலே கேரியரில் இருந்த ஒரு பலாப்பழமும் ஒரு வாழையிலைக் கட்டும் ஒன்றாகச் சரிந்தனவாம். "பலாப்பழம் சடார்னு வந்து ரோட்டுல ஒடஞ்சுபோச்சு. எலக்கட்டு அவுந்து ஆடி அசைஞ்சு பின்னால வருது. கனமானது மொதல்ல வுழும், லேசானது அப்புறம் வுழும். இதுக்குப் படிப்பெல்லாம் வேணுமா சகலை?" என்றார்.

ஒரு இயற்பியல் வாத்தியாரின் காதுபட இதைச் சொல்லலாமா? வயிறு நிறைந்த தூக்கம் எனக்குச் சட்டென்று கலைந்துவிட்டது. சுவரில் இருந்த நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்தேன். மாமனாரின் பஞ்சாங்கத்தை எடுத்தேன். இரண்டையும் தனித்தனியே கைவிட்டேன். பஞ்சாங்கம் சட்டென்று விழ, தாள் ஆடிக்கொண்டு வந்தது. "பாத்தீங்களா!" என்றார் சகலை. இருங்கள் என்று தாளைக் கசக்கி உருண்டையாக்கி மறுபடியும் போட்டேன். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தரையைத் தொட்டன. தாளின் எடை மாறவில்லையே, பிறகு எப்படி? அடுத்ததாக இன்னொரு தாளைக் கிழித்துப் பஞ்சாங்கத்தின் மேலேயே வைத்து, பஞ்சாங்கத்தைக் கைவிட்டேன். தாள் துளியும் பிரியாமல் அதோடு இறங்கியது. நாளைய ராகுகாலம் இன்றைக்கே தரையில் கிடப்பதைப் பார்த்த மாமியார் முகம் சுளித்தார். சகலை மட்டும் மசியவில்லை. "அது பஞ்சாங்கம் மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு டிக்கெட் எடுக்காம வருது சகலை. அதப் போயி கணக்குல சேக்குறீங்களே!" கூடமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

நான் எழுந்து நின்றே பாடம் எடுக்க ஆரம்பித்தேன். கனமான பொருளைப் பூமி அதிகமாக இழுக்கிறது, உண்மைதான். ஆனால் கனமானதை இருந்த இடத்திலிருந்து அசைப்பதும் அதே அளவுக்குச் சிரமம். இழுப்பும் சோம்பேறித்தனமும் சரிக்குச் சரியாகக் கழிந்துபோவதால் யானையும் எறும்பும் ஒரே மாதிரிதான் வேகமெடுக்கும். நொடிக்கு நொடி பத்து மீட்டர் அளவுக்கு வேகம் ஏறிக்கொண்டே போகும். நடுவில் புகுந்து குழப்புவது காற்று மட்டும்தான். விழ விழ வேகம் கூடும், வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடும், ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகி அதற்குமேல் வேகம் ஏறாது. முற்றுத் திசைவேகம் என்று அதற்குப் பெயர். அது மட்டும் இல்லையென்றால் மேகத்திலிருந்து வருகிற மழைத்துளி துப்பாக்கிக் குண்டாகி நம்மைத் துளைத்துவிடும். காற்றின் புண்ணியத்தில் அது வேகமாக மிதித்த சைக்கிளின் அளவில் நின்றுகொள்கிறது. விமானத்திலிருந்து குதிக்கிற மனிதனுக்கு எல்லை மணிக்கு ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் என்றதும் சகலை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த ஸ்பீடுல வந்தா ஸ்டாப்பிங்ல எப்புடி நிறுத்துவான்?" என்றார் கவலையாக. "பூமிதான் ஸ்டாப்பிங்" என்றேன். இந்த முறை சிரிப்பு என் பக்கம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதில்தான் எனக்குப் பிரச்சினை. விழுவதில் இல்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

"அப்பச் சரி," என்றார் சகலை, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து. "நான் நூறு கிலோ. நீங்க அம்பது தேறுவீங்களா? கெணத்துல ஒண்ணாக் குதிப்போம். தண்ணிய யாரு மொதல்ல தொடுறாங்கன்னு பாத்துருவோம்." நேர்மையாகச் சொன்னால் காற்றின் தயவில் அவர் ஒரு மயிரிழை முந்துவார், அதைக் கண்ணால் பார்க்க முடியாது. தோற்க வழியே இல்லாத பந்தயம். "குதிப்போம்" என்று சொல்லிவிட்டேன். நீச்சல் எனக்கும் கொஞ்சம் தெரியும், லாரி டியூபைக் கட்டிக்கொண்டு பழகியது. பெண்கள் பாத்திரம் கழுவப் போய்விட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் வீட்டை ஒட்டிய பருத்திக் காட்டுக்குள் இருந்த கிணற்றுக்கு நடந்தோம்.

அந்தப் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றுச்சுவர் கிடையாது. பாறையை வெட்டி இறக்கிய பெரிய சதுரக் குழி. ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஏறி இறங்க நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள். மழை நன்றாகப் பெய்த வருஷம் என்பதால் மூன்று ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் கிடந்தது. ஆனால் அந்தத் தண்ணீரே விளிம்பிலிருந்து முப்பதடிக்குக் கீழே. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், குழாய் இறங்குகிற இடத்தில் இருவரும் வரிசையாக நின்றோம். "ரெண்டு விசில் அடிப்பேன். பஸ்ஸுல மாதிரிதான். ஒண்ணுன்னா நில்லு, ரெண்டுன்னா போலாம்" என்றார் சகலை. நான் தலையாட்டினேன். தலையாட்டியபடி குனிந்து பார்த்தேன். அதுதான் தப்பு.

படிக்காதவன் கிணற்றைப் பார்த்தால் தண்ணீர் தெரியும். எனக்குக் கணக்கு தெரிந்தது. முப்பதடி, ஒன்றே கால் நொடிக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீரைத் தொடும்போது மணிக்கு ஐம்பது கிலோமீட்டர். சகலையின் பஸ் கீழப்பழுவூரைத் தாண்டியதும் பிடிக்கிற வேகம். அந்த பஸ் என்மீது வந்து மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம், என்று என் மூளை ஆரம்பித்தது. வகுப்பில் எவ்வளவோ பேரைப் பரங்கிப்பேட்டைக் கலங்கரை விளக்கத்திலிருந்தும் மலைக்கோட்டை உச்சியிலிருந்தும் கரும்பலகையில் தள்ளிவிட்டிருக்கிறேன். விழும்போது வயிறு தொண்டைக்கு ஏறும் என்று எந்த வினாத்தாளும் குறிப்பிட்டதில்லை. காலில் யாரோ சிமெண்டு ஊற்றிக் காயவிட்டது போல இருந்தது. மொட்டைத் தலை வேர்த்தது. முடி இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

சகலை விசிலை வாயில் வைத்தார். ஒன்று அடித்தார். ஆர்வக் கோளாறில் அந்த ஒன்றிலேயே குதித்துவிட்டார். இரண்டாவதை அடிக்க அவருக்கு வாய் இருந்தது, தரை இல்லை. நான் பின்னால் நகர்ந்தேன். நகர்ந்த வேகத்தில் என் கால் தட்டி, விளிம்பில் இருந்த ஒரு பெரிய கல் பெயர்ந்து அவருக்குப் பின்னாலேயே போனது. முதலில் ஒரு பெரிய 'தொபுக்', அடுத்து இன்னொரு 'தொபுக்'. நான் மண்ணில் உட்கார்ந்து, தவழ்ந்து போய், மோட்டார் குழாயைக் குழந்தை அம்மாவைக் கட்டிக்கொள்வது போலக் கட்டிக்கொண்டேன்.

கீழேயிருந்து சிரிப்பு வந்தது. "சகலை! யாரு மொதல்லன்னு பாத்தீங்களா?" கிணறு அவர் குரலையே அவருக்குத் திருப்பித் தந்தது. "சகலை? ஒளிஞ்சுக்கிட்டீங்களா?" சிரிப்பு இன்னும் பாக்கி இருந்தது அந்தக் குரலில், நான்தான் ஒளிகிறவன் என்று பெயர் வாங்கியவனாயிற்றே. "போதும் வெளையாட்டு. மேல வாங்க." அவர் தண்ணீரைப் பார்த்து மேலே வாங்க என்று கூப்பிடுகிறார். நான் மேலேதான் இருந்தேன். 'இங்கே இருக்கிறேன்' என்று இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அப்புறம் அவர் முங்குகிற சத்தம் கேட்டது.

முதல் தடவை எனக்குக் குரல் வரவில்லை. அது பயம்; அதை நான் மன்னித்துவிட்டேன், யாருக்கும் வரும். ஆனால் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து, மறுபடியும் முங்கினாரே, அப்போது குரல் வந்துவிட்டது. தொண்டையில் தயாராக இருந்தது. வராமல் தடுத்தது வெட்கம். இப்போது கத்தினால் குதிக்கவில்லை என்று தெரிந்துவிடுமே. ஓசைப்படாமல் படிக்கல் வழியாக இறங்கி, தண்ணீரில் நனைந்து, இப்போதுதான் எழுந்தவன் மாதிரி நின்றால் என்ன? இப்போது குதித்தால் என்ன? குதித்தால் அவர் தலை மேலே வருகிற நேரத்தில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அவர்மேல் விழுவேனே. இப்படி ஒரு மூளை யோசித்துக்கொண்டிருக்க, கீழே ஒரு நூறு கிலோ மனிதர் இருட்டுத் தண்ணீருக்குள் கையால் துழாவிக்கொண்டிருந்தார். மூன்றாவதாக மேலே வந்தபோது அவர் குரல் அவருடையதாக இல்லை. "யாராச்சும் ஓடியாங்களேன்! அய்யோ சகலை... நேத்துதான பாப்பாவுக்கு மொட்ட அடிச்சோம்... அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்..." மூச்சு இழுக்கக்கூட நேரம் கொடுக்காமல் மறுபடியும் முங்கினார். அந்த முறை நெடுநேரம் மேலே வரவில்லை. குழாயைக் கட்டியிருந்த என் கை அப்போதும் பிரியவில்லை.

கூப்பாடு கேட்டு மாமியார் பருத்திக் காட்டுக்குள் விழுந்து ஓடிவந்தார். பின்னால் என் மனைவி, கொழுந்தியாள். "எங்க? யாரு வுழுந்தா?" என்றார் மாமியார் என்னைப் பார்த்து. நான் கையை நீட்டிக் கிணற்றைக் காட்டினேன். அதே நேரத்தில் கீழேயிருந்து, அழுகையும் ஆனந்தமும் கலந்த ஒரு அலறல். "கெடைச்சுட்டாரு! தல கெடைச்சுருச்சு!" எல்லோரும் விளிம்புக்கு ஓடினோம், நானும் தவழ்ந்து போனேன். என்னைத் தவிர வேறு யார் தலை அங்கே கிடைக்க முடியும் என்று நிஜமாகவே எட்டிப் பார்த்தேன். சகலை படிக்கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் எதையோ நெஞ்சோடு அணைத்திருந்தார். சேறு வழிந்து போக, பித்தளை மின்னியது. என் மனைவிக்கு விவரம் தெரியாத வயதில் மாமியார் கை நழுவி இந்தக் கிணற்றில் விழுந்த சொம்பு அது. சேற்றுக்குள் உருண்டையாக, வழவழவென்று கைக்குத் தட்டுப்பட்டதை என் மொட்டைத் தலை என்று நினைத்திருக்கிறார். மெதுவாக அண்ணாந்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் வந்திருந்தால் நான் இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்திருப்பேன். "அப்பாடா," என்றார். "எப்ப மேல ஏறுனீங்க சகலை?"

"இப்பத்தான்" என்றேன்.

என் வேட்டியில் மண் ஒட்டியிருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. மாமியார் அதைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நானும் வாங்கி, காய்ந்த தலையை ஒருமுறை துவட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய் காப்பி குடிக்கும்போதுதான் அவர் வாயைத் திறந்தார், அதுவும் மரியாதை குறையாமல். "ஏன் மாப்ள, தண்ணியில்லாத எடமாப் பாத்து வுழுந்தீங்களா?" அன்று பெரம்பலூர் வரைக்கும் கேட்டிருக்கும் அந்தச் சிரிப்பு. சிரிக்காதவர் ஒருவர்தான். "சிரிக்காதீங்க அத்தை," என்றார் சகலை. "ரெண்டு சத்தம் கேட்டுச்சு எனக்கு. பெரிசா இடைவெளியே இல்ல. சகலை சொன்னதுதான் சரி. கனமோ லேசோ, ஒண்ணாத்தான் வுழும்." கல்லின் சத்தத்தை அவர் என் கணக்கில் வரவு வைத்தார். நான் சொன்ன விதி நிரூபணமாகிவிட்டது, நான் இல்லாமலேயே. சொம்பை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது, "இது சகலையோட தல, அவருதான் வெச்சுக்கணும்" என்று அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவருடைய வலது காதிலிருந்து மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு கழுத்துக்கு இறங்கியிருந்ததை என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

மூச்சைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஆழத்துக்குப் போனதில் செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் பெரம்பலூர் டாக்டர். புண் ஆறியது, அந்தக் காதில் கேட்கும் சக்தி திரும்பவில்லை. அதற்குப் பிறகு சகலை பஸ்ஸில் இடது காதை முன்னால் நீட்டியபடிதான் டிக்கெட் கேட்பார். "வலது பக்கம் ஒக்காந்திருக்கவன் சில்லறை இல்லன்னு சொன்னா கேக்காது சகலை, அதுவும் நல்லதுதான்" என்று அதையும் சிரிப்பாக்கிவிட்டார். நானும் என் பங்குக்குச் சிரிப்பாக்கினேன். அது எனக்குக் கைவந்த வேலை. எங்கே விசேஷம் என்றாலும் இந்தக் கதை வரும், நானே நடித்துக் காட்டுவேன். குழாயைக் கட்டிக்கொண்டது, காய்ந்த தலையைத் துவட்டியது, எல்லாம். கடைசியில் என் வக்கீல் வாதத்தையும் வைப்பேன். "ஒத்த விசில்தானே அடிச்சாரு? ஒண்ணுன்னா நில்லு. நான் சட்டப்படி நின்னேன்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த நடிப்பில், மூன்று முறை அவர் மேலே வந்து என்னைக் கூப்பிட்ட இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவேன்.

வருஷா வருஷம் பதினோராம் வகுப்புக்குத் தடையின்றி விழுதல் பாடம் வரும். புத்தகத்தின் மேல் தாளை வைத்துக் கைவிடுவேன். "சார், தாள் எப்படி சார் கூடவே போவுது?" என்று எவனாவது கேட்பான். முன்னால் போகிற புத்தகம் காற்றை விலக்கிக்கொண்டு போகிறது, தாளுக்கு அடி விழாமல் பார்த்துக்கொள்கிறது என்று விளக்குவேன். டிக்கெட் எடுக்காமல் வருகிறது என்று சொன்னால் இன்னும் சுருக்கமாகப் புரியும். ஆனால் அந்த வாக்கியம் என் வாயில் வருவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸின் காலை டிரிப்பை முடித்துவிட்டு, காக்கிச் சட்டையோடு சகலை அரியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தலை நரைத்துவிட்டது. எடை மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி அதைச் சொன்னது. வழக்கமாக நான் அவருடைய இடது பக்கம்தான் உட்காருவேன். அன்று எனக்கே தெரியாமல் வலது பக்கம் உட்கார்ந்தேன் என்று எழுதத்தான் ஆசை. தெரிந்துதான் உட்கார்ந்தேன். மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். சகலை சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தார். நான் அந்தக் கேளாத காதைப் பார்த்து, மெதுவாக, "அன்னைக்கு மேலேருந்து நான் கூப்புட்டுருக்கணும் சகலை" என்றேன்.

தண்ணீர் விழுவது நின்றது. "என்ன சொன்னீங்க?"

"இன்னும் கொஞ்சம் தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

அவர் சொம்பை இறக்கி, ஒடுங்கிய பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு கழுத்துக் கயிற்றைப் பிடித்து விசிலை எடுத்து, வாயில் வைத்து, குட்டையாக ஒன்று ஊதினார். அடுக்களையிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னது இது, வூட்டுக்குள்ள விசிலு?"

"ஒண்ணுமில்லக்கா," என்றார் சகலை. "அன்னைக்கு ரெண்டாவது விசில் அடிக்காம வுட்டுட்டேன். சகலை இன்னும் அங்கயே நிக்கிறாரு."

சொம்பு எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது. கொல்லைப்பக்கக் கதவு திறந்துதான் கிடந்தது. நான் எழுந்தேன், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய், அவருடைய இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.